புற்றுநோய்ச் சிகிச்சையும் துணை வைத்தியமும்



ஒரு வீட்டினுள்ளே புற்றுநோய் என்னும் சொல் நுழைந்துவிட்டால், அதன் பின்னே மருந்துகளின் பெயர்களும் வரிசையாக நுழைகின்றன. எனது மூத்த சகோதரியாருக்கு மார்பிலே புற்றுநோய் என்று கண்டறிந்து ஒரு கிழமை கழியுமுன்னரே இதனை எங்கள் வீட்டு விறாந்தையில் நான் கண்டேன். பார்க்க வந்த உறவினர் ஒருவர் முள்ளுச்சீத்தா இலையை அவித்துக் குடிக்கச் சொன்னார். இன்னொருவர், சீனியை அறவே விட்டுவிட்டால் நோய் பட்டினி கிடந்து சாகும் என்றார். வேறொருவர் மஞ்சளைத் தேனிற் குழைத்து உண்ணச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிற் பேசிய மருமகன் ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னார். சின்னம்மா ஒருவர், அயலூரில் ஒருவர் காய்ச்சிக் கொடுக்கும் கசாயத்தைப் பற்றி மெல்லிய குரலிற் சொல்லிச் சென்றார். இவர்களுள் ஒருவரேனும் பொருளாசையாற் சொல்லவில்லை; எல்லோரும் அன்பினாலேயே சொன்னார்கள். அதனாலேதான் அவற்றைத் தட்டுவதும் கடினமாயிற்று, ஆராய்வதும் கடினமாயிற்று.

நான் வைத்தியன் அல்லன். முப்பது ஆண்டுக் காலம் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்தாளராகக் கடமை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தாய்வழிப் பாட்டனாரோ ஊரிலே பெயர் பெற்ற பரியாரியார். அவரை நாங்கள் அப்பு என்று அழைப்போம். ஆகவே வைத்தியசாலை மருந்தின் மணமும் வேர் அவியும் மணமும் எனக்கு ஒருங்கே பழக்கமானவை. இவ்விரண்டையும் பகையாக்கி ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது எனது நோக்கமன்று. புற்றுநோய்க்கு வைத்தியசாலையிற் சிகிச்சை பெறுகின்ற ஒருவர், அதனோடு கூட வேறு முறைகளையுங் கைக்கொள்ளலாமா, கொள்ளலாமெனின் எந்த அளவில், எந்த நிபந்தனையில் என்பதையே இன்று பேச விரும்புகின்றேன்.

முதலிலே சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். வைத்தியசாலைச் சிகிச்சையைக் கைவிட்டு, அதற்குப் பதிலாக மேற்கொள்ளப்படுவது மாற்று வைத்தியம். அச்சிகிச்சையைக் கைவிடாது, அதற்குப் பக்கத்துணையாக மேற்கொள்ளப்படுவது துணை வைத்தியம். ஒரே இஞ்சி, ஒரே யோகாசனம், ஒரே எண்ணெய், ஒருவர் கையில் மாற்றாகவும் இன்னொருவர் கையில் துணையாகவும் இருத்தல் கூடும். பொருளினால் அன்று, அது நிற்கும் இடத்தினாலேயே இவ்வேறுபாடு உண்டாகின்றது.

இதனை விளக்குவதற்கு நமது வைத்திய மரபிலேயே ஓர் அழகிய சொல் இருக்கின்றது. அனுபானம் என்பது அச்சொல். பரியாரியார் ஒரு குளிகையைக் கொடுக்கும்போது, இதனைத் தேனிலே கொள், அல்லது இஞ்சிச் சாற்றிலே கொள், அல்லது தாய்ப்பாலிலே உரைத்துக் கொடு என்பார். மருந்து உடலிற் சேர்வதற்கும் நோயாளி அதனைத் தாங்குவதற்கும் உதவுவது அனுபானம். ஆயினும் தேனை உண்டுவிட்டுக் குளிகையை வேலிக்கு வெளியே எறிந்த நோயாளியை எந்தப் பரியாரியாரும் மெச்சியதில்லை. துணை வைத்தியம் என்பது அனுபானம் போன்றது. அது மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட அன்றே துணை என்னும் பெயரை இழந்துவிடுகின்றது.

இவ்வாறு இடம் மாறுவதால் என்ன நேர்கின்றது என்பதை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தனர். குணமாக்கக்கூடிய நிலையிலிருந்த மார்பு, சுவாசப்பை, பெருங்குடல், புரஸ்தகோளம் ஆகியவற்றின் புற்றுநோயாளரிடையே, வழமையான சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியத்தை மாத்திரம் நாடியவர்கள், சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு கூடுதலான மரண ஆபத்துக்கு உள்ளாயினர் என்று 2018ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். மார்புப் புற்றுநோயில் மாத்திரம் அவ்வாபத்து ஐந்து மடங்குக்கும் மேலாயிற்று.

அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இரண்டாவது ஆய்வு இன்னும் நுணுக்கமானது. நமது பொருளுக்கு மிக நெருங்கியது. அதிலே இடம்பெற்றவர்கள் வைத்தியசாலைச் சிகிச்சையை முற்றாகத் துறந்தவர்கள் அல்லர். ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றுக்கொண்டு, அதனோடு நிறுவப்படாத வேறு முறைகளையுஞ் சேர்த்துக்கொண்டவர்கள். இவர்களுடைய மரண ஆபத்தும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஏன் என்று ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது. இவர்களுள் நூற்றுக்கு 34 பேர் இரசாயன மருந்துச் சிகிச்சையை மறுத்திருந்தனர். ஏனையோரிலோ அவ்வாறு மறுத்தவர்கள் நூற்றுக்கு 3 பேரே. கதிர்ச் சிகிச்சையை மறுத்தவர்கள் இவர்களில் நூற்றுக்கு 53 பேர்; ஏனையோரில் 2 பேர். சிகிச்சையை மறுத்ததனால் விளைந்த பங்கைக் கணக்கிலிருந்து நீக்கியபோது, துணை முறைகளைக் கையாண்டவர்களுக்கும் ஏனையோருக்குமிடையே மரண ஆபத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

இதன் பொருளை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அவர்களுக்குக் கேடு விளைத்தது, பக்கத்தில் நின்ற துணை மெல்ல மெல்ல நகர்ந்து மருந்தின் ஆசனத்தில் அமர்ந்துகொண்டமையே. இம்மாதம் ஊசி வேண்டாம், கசாயம் வேலை செய்கின்றதா பார்ப்போம் என்ற ஒரு சிறு வாக்கியத்திலேயே அந்த நகர்ச்சி தொடங்கிவிடுகின்றது.

மூலிகையிலே ஒன்றுமில்லை என்று சிலர் சொல்லக் கேட்கின்றோம். அதுவும் தவறு. நமது கோவில் வீதிகளிலும் மணற்பாங்கான வளவுகளிலும் நடுவாரின்றியே பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவை அறியாதார் யார்? நித்தியகல்யாணி என்று சொல்வதும் அதனையே. மடகஸ்கார்த் தீவிலே தோன்றி உலகெங்கும் பரவிய செடி அது. யமேக்காத் தீவு மக்கள் அதன் இலையை அவித்து நீரிழிவுக்குக் குடித்து வந்தனர். அவ்விலைகளிற் சில 1952ஆம் ஆண்டிலே கனடாவில் ரொபேர்ட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளரின் கைக்கு வந்தன. அவர் இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோதோ, எலிகளின் வெண்குருதிக் கலங்கள் வெகுவாகக் குறைந்து, அவை தொற்றினால் இறந்தன. வெண்குருதிக் கலங்களைக் குறைக்கும் பொருள், அக்கலங்கள் கட்டுக்கடங்காது பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமன்றோ என்னும் எண்ணம் பிறந்தது. நோபிளும் சார்ள்ஸ் பியர் என்பவரும் உழைத்துப் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் என்னும் மருந்தை 1958ஆம் ஆண்டில் உலகறியச் செய்தனர். அதே செடியிலிருந்து பெறப்பட்ட வின்கிறிஸ்டின் 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயின் ஒரு முக்கிய வகையில், ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் இழந்துகொண்டிருந்தோம். இன்று வசதி படைத்த நாடுகளில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் பிழைக்கின்றனர். அவர்களுக்குக் கொடுக்கப்படும் கூட்டு மருந்துகளில் இந்தப் பட்டிப்பூவின் மருந்தும் ஒன்று.

அப்படியானால் முற்றத்துப் பட்டிப்பூவைப் பிடுங்கி அவித்துக் குடித்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கூடாது, நேயர்களே. வின்கிறிஸ்டினில் ஒரு கிராம் பெறுவதற்கு நூற்றுக்கணக்கான கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு வேளைக்குச் செலுத்துவதோ பெரும்பாலும் இரண்டு மில்லிகிராமுக்கு மேற்படாது. அதுவும் நாளத்தினூடாக மாத்திரமே. அளவு சிறிது மிகுந்தால் நரம்புகள் பழுதாகும். கசாயச் சட்டியில் அந்த அளவை யார் அளந்து சொல்வார்? மேலும் அச்செடியில் அந்த ஒரு பொருள் மாத்திரமா இருக்கின்றது? மூலிகையில் மருந்து இருக்கின்றது என்பதும், மூலிகையே மருந்து என்பதும் ஒன்றல்ல.

நமது நாட்டு ஆராய்ச்சியாளரும் இத்துறையில் வாளாவிருந்தவர்கள் அல்லர். கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிப்பட்டை இனத்துக் கிழங்கு ஆகிய மூன்றையுஞ் சேர்த்துக் காய்ச்சிய நாட்டுக் கசாயமொன்று, எலிகளின் ஈரலிலே புற்றுநோய்க்கு முன்னோடியான மாற்றங்களைக் குறைத்தது என்று இலங்கைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பெருமைப்படவேண்டிய முயற்சி. ஆயினும் எலியிலிருந்து மனிதன்வரை உள்ள வழி நீண்டது. வழியின் முதலாவது கட்டையைக் கண்டு ஊர் வந்துவிட்டது என்று இறங்கிவிடலாகாது. முள்ளுச்சீத்தா இலையைப் பற்றிய பேச்சும் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து புறப்பட்டதேயாகும். நோயாளரைக் குணமாக்கியதாக நிறுவப்படவில்லை. மாறாக, அவ்வினப் பழங்களையும் இலைகளையும் மிகுதியாக உட்கொண்டோரிடையே பார்க்கின்சன் நோயை ஒத்த நரம்புக் கோளாறு காணப்படுவதாகக் குவாடலூப்புத் தீவிலிருந்து 1999ஆம் ஆண்டில் வைத்தியர்கள் எச்சரித்தனர்.

அப்பிரிக்கொட் பழத்தின் விதையிலிருந்து எடுத்த லேட்றில் என்னும் பொருளின் வரலாறும் ஒரு பாடம். அதனைத் தடை செய்யக்கூடாது என்று அமெரிக்காவிலே மக்கள் பெருங் கிளர்ச்சி செய்தனர். ஈற்றில் 178 நோயாளருக்கு முறைப்படி கொடுத்துச் சோதித்தார்கள். அதன் முடிவு 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோய் நிலைபெறக் குணமானவர் ஒருவருமில்லை. சிலருடைய இரத்தத்திலே சயனைட்டு என்னும் நஞ்சு அபாயகரமான அளவை நெருங்கியிருந்தது.

இனி, உண்மையில் துணை நிற்பவை எவை? புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் படும் துன்பங்கள் பல: ஓங்காளம், களைப்பு, நித்திரையின்மை, மூட்டு வலி, மனக் கலக்கம். இவற்றைத் தணிப்பதிலேதான் துணை வைத்தியத்தின் மெய்யான பயன் இருக்கின்றது. இஞ்சியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில் 576 நோயாளருக்கு, வைத்தியசாலை கொடுக்கும் வாந்தித் தடுப்பு மருந்தோடு இஞ்சிக் குளிகையும் அல்லது வெறுங் குளிகையும் கொடுத்துப் பார்த்தனர். நாளொன்றுக்கு அரைக் கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி பெற்றவர்களுக்கு முதல்நாள் ஓங்காளம் மிகவுங் குறைந்திருந்தது. பின்னும் முன்னும் நடந்த ஆய்வுகளெல்லாம் ஒரே முடிவைத் தரவில்லையெனினும், இஞ்சி இங்கே தன் இடமறிந்து நின்றது என்பதைக் கவனியுங்கள். வாந்தித் தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டு அது கொடுக்கப்படவில்லை.

யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் அவ்வாறே. சிகிச்சை முடித்த 410 பேரைக் கொண்டு நடத்தி 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கிழமைக்கு இருமுறை, நான்கு கிழமைகள் மென்மையான யோகப் பயிற்சி செய்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக நித்திரை கொண்டனர். மார்புப் புற்றுநோய்க்காக ஓமோன் சுரப்பைத் தடுக்கும் குளிகைகளை உட்கொள்ளும் பெண்கள் சிலர் மூட்டு வலி தாளாமல் அக்குளிகையையே நிறுத்திவிடுவதுண்டு. அத்தகைய 226 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. முறையான குத்தூசி வைத்தியம் பெற்றவர்களுக்கு, பாவனைக் குத்தல் பெற்றவர்களைவிட வலி குறைந்தது. ஒரு துணைமுறை வலியைக் குறைத்து, உயிர் காக்கும் குளிகையை நோயாளி தொடர்ந்து விழுங்கும்படி செய்யுமாயின், அதனைவிடச் சிறந்த துணை வேறென்ன? மென்மையாக உடம்பு பிடித்துவிடுதல், பாட்டுக் கேட்டல், கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ சென்று மனம் ஆறுதல் ஆகியனவும் இவ்வரிசையிற் சேர்வன. இவற்றுள் ஒன்றேனும் கட்டியைக் கரைக்கும் என்று நிறுவப்படவில்லை. ஆயினும் கட்டியைக் கரைக்கும் சிகிச்சையைத் தாங்கி நிற்க மனிதனுக்கு இவை வலுத் தருகின்றன.

அடுத்து, தீங்கு செய்பவை. இயற்கையானது தீங்கு செய்யாது என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. பாக்கு இயற்கையானதுதான். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம், 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களோடு சேர்த்தது. நமது நாட்டு ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் ஒரு பெருங் காரணம். ஈசுரமூலி இனத்து மூலிகைகளும் இயற்கையானவையே. பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கென அவ்வினச் சீன மூலிகை கலந்த மருந்தை உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் பழுதாகி வருந்தியமை 1993ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவர்களுட் சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையிலே புற்றுநோயுங் கண்டது. இனி, உலோகங்கள். பொஸ்டன் நகர்க் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது, 14 மருந்துகளில் ஈயமோ இரசமோ ஆசனிக்கோ இருந்ததாக 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். முறையறிந்த வைத்தியர் செய்வதையும் கடையில் எவரோ அடைத்து விற்பதையும் ஒன்றாக எண்ணுதல் தகாது என்பதற்கும் இது சான்றாகும்.

தனியே நின்றால் தீங்கற்ற பொருளும் வேறொரு மருந்தோடு சேரும்போது பகையாதல் உண்டு. இதனை மேல்நாட்டு மருத்துவம் கண்டுபிடித்துத்தான் நமக்குச் சொல்லவேண்டும் என்பதில்லை. பத்தியம் என்ற பெயரால் நம் முன்னோர் சொல்லிவைத்தது இதனையே. இந்த மருந்துக்குப் புளி ஆகாது, அந்த மருந்துக்கு அகத்தி ஆகாது என்று பாட்டி சொன்னதை நாம் கேட்டு நடந்தோம். வைத்தியசாலை மருந்துக்கும் பத்தியமுண்டு. கறியிற் போடும் மஞ்சளால் யாதொரு கேடுமில்லை. ஆனால் மஞ்சளின் சாரத்தைச் செறிவாக்கி, மிளகுச் சாரத்தோடு சேர்த்து அடைத்த குளிகைகளை, மார்புப் புற்றுநோய்க்கான தமொக்சிபென் மருந்தோடு உட்கொண்டவர்களின் இரத்தத்தில், அம்மருந்திலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் செயற்பொருளின் அளவு குறைந்ததாக ஒல்லாந்து நாட்டு ஆய்வொன்று 2019ஆம் ஆண்டில் காட்டியது. நோயாளி நல்லது செய்வதாக எண்ணித் தம் மருந்தின் வலுவைத் தாமே குறைத்துக்கொள்கின்றார். அவ்வாறே, வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சாத பச்சிலைச் சாறு தொற்றைக் கொண்டுவரக்கூடும். இரத்தம் உறையும் தன்மை குன்றியிருக்கும்போது ஊசி குத்துதலும் அழுத்திப் பிடித்துவிடுதலும் ஆகா. கதிர்ச் சிகிச்சை பெறும் தோலின்மீது கேளாமல் எண்ணெயோ பற்றோ இடலாகாது. சீனியைப் பற்றி ஒரு வார்த்தை: நாம் உண்ணும் சோற்றிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் உடல் தனக்கு வேண்டிய சர்க்கரையை ஆக்கிக்கொள்ளும், உணவை ஒறுத்தால் நோய் மெலியுமுன் நோயாளி மெலிவார்.

இவையெல்லாம் தெரிந்தும் என் வீட்டிலே நடந்ததை இப்பொழுது சொல்லவேண்டும். அக்காவுக்குச் சத்திரசிகிச்சை நன்கு முடிந்தது. மூன்று கிழமைக்கு ஒருமுறை நாளத்தினூடாக மருந்து செலுத்தத் தொடங்கினர். மூன்றாம் முறைக்குச் சென்றபோது இரத்தச் சோதனையில் ஈரலின் அளவுகள் ஏறியிருந்தன. மருந்தை நிறுத்தி வைத்தார்கள். நோய் ஈரலுக்குப் பரவிவிட்டதோ என்னும் ஐயத்தில் படம் பிடித்துப் பார்த்தார்கள். அங்கே ஒன்றுங் காணப்படவில்லை. ஒரு கிழமை சென்றது, அளவுகள் குறையவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டிலே அடுப்பு எரிந்ததும் தெரியாது. விளக்கு ஏற்றியதும் தெரியாது.

ஒருநாள் வைத்தியசாலையில் தாதி ஒருவர் அக்காவின் அருகே அமர்ந்து, “அம்மா, வீட்டில் வேறு ஏதாவது குடிக்கிறீங்களா? ஒருவரும் ஏசமாட்டார்கள்; தெரிந்தால் எங்களுக்கு உதவி” என்று கேட்டிருக்கின்றார். அதன் பின்னரே உண்மை வந்தது. சின்னம்மா சொல்லிச் சென்ற அந்தக் கசாயத்தை அக்கா இரண்டு மாதமாக, நாளுக்கு மூன்று முறை குடித்து வந்திருக்கின்றார். போத்தல் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. முப்பது ஆண்டு மருந்து கொடுத்த நான், அதே வீட்டுக்கு நாள்தோறும் போய் வந்த நான், ஒரு முறையாவது அவரிடம் அதனைக் கேட்டிருக்கவில்லை.

“ஏன் அக்கா என்னிடஞ் சொல்லவில்லை?” என்றேன்.

“சொன்னால் நீ பேசுவாய், தம்பி. டொக்டருக்குத் தெரிந்தால் இனி வராதே என்று அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். குடிக்காமல் விட்டால் சின்னம்மாவின் மனம் நோகும். எல்லாரும் எனக்காகப் பாடுபடுகிறீர்கள். நானும் எனக்காக ஏதாவது செய்யவேண்டாமா?” என்றார்.

அக்கடைசி வார்த்தையை நான் மறக்கவில்லை. நோயாளி சத்திரசிகிச்சைக்குப் படுக்கின்றார், ஊசிக்குக் கை நீட்டுகின்றார். எல்லாவற்றையும் மற்றவர்களே செய்கின்றனர். தாமாகச் செய்வதற்கு அவருக்கு எஞ்சியிருந்தது அந்தப் போத்தல் ஒன்றுதான். அதனைப் பரிகசித்துப் பறிப்பது எளிது. அவ்விடத்தை வெறுமையாக விட்டால், அங்கே வேறொரு போத்தல் வந்துவிடும்.

வைத்திய நிபுணர் சினக்கவில்லை. “போத்தலைக் கொண்டு வாருங்கள், அம்மா. கொடுத்தவர் என்னென்ன சேர்த்தார் என்றுங் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். கேட்டபோது, கசாயங் கொடுத்தவர் தம் மருந்தின் சேர்க்கையைச் சொல்ல மறுத்துவிட்டார். கசாயம் நிறுத்தப்பட்டது. இரண்டு கிழமைகளில் அளவுகள் இறங்கின; சிகிச்சை தொடர்ந்தது. கசாயத்தினாலேதான் அவ்வாறு நேர்ந்தது என்று வைத்தியர் உறுதியாகச் சொல்லவில்லை; நானுஞ் சொல்லமாட்டேன். ஆனால் மறைத்தமையால் மூன்று கிழமைகள் வீணாயின என்பது உறுதி. பின்னர் அந்நிபுணரே அக்காவுக்கு இஞ்சித் தேநீரையும் காலை நடையையும் மூச்சுப் பயிற்சியையும் அனுமதித்தார். தமக்காகத் தாமே செய்வதற்கு அவருக்கு இப்பொழுது மூன்று காரியங்கள் இருந்தன; அவற்றுள் ஒன்றையேனும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.

அப்பு மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் வந்தவரிடம் கேட்கும் முதற் கேள்வி எனக்கு நினைவுண்டு. “வேறு ஆரிட்டயும் மருந்து குடிக்கிறியோ?” என்பார். ஆம் என்றால், அது முடியும்வரை தம் மருந்தைக் கொடுக்கமாட்டார். அல்லது அந்த வைத்தியரிடம் ஆளனுப்பிக் கேட்பார். இரு மருந்துகள் ஒன்றையொன்று அறியாமல் ஓர் உடலினுள்ளே சந்திக்கலாகாது என்பது அவருடைய கொள்கை. அது பழைய வைத்தியத்தின் ஒழுக்கம். புதிய வைத்தியத்தின் ஒழுக்கமும் அதுவே.

ஆகவே நோயாளருக்கு நான் சொல்ல விரும்புவன சில. எதனைத் தொடங்குவதாயினும், தொடங்குமுன் உங்களுக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியரிடஞ் சொல்லுங்கள். முன்னரே தொடங்கியிருந்தால் நாளைக்கே சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் போத்தலையோ பொதியையோ கையோடு கொண்டு செல்லுங்கள். கொடுப்பவரிடம், இதில் என்ன இருக்கின்றது என்று கேளுங்கள். சொல்ல மறுப்பவரின் மருந்தை வாங்காதீர்கள். வைத்தியசாலைச் சிகிச்சையை நிறுத்து என்று சொல்பவர் எவராயினும், எத்துணை அன்பாகச் சொல்பவராயினும், அவர் துணை வைத்தியர் அல்லர். நிச்சயமாகக் குணமாகும் என்று பணம் வாங்குபவரை விட்டு விலகுங்கள்.

உறவினருக்கு: நோயாளியைப் பார்க்கப் போகும்போது மருந்தின் பெயரோடு போகாதீர்கள். வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்ல ஒரு நாள் நான் வருகின்றேன் என்று சொல்லுங்கள்; ஒரு நேரச் சாப்பாடு கொண்டு செல்லுங்கள். அதனையும் துணை வைத்தியமென்றே கூறலாம்.

வைத்தியர்களுக்குச் சொல்ல நான் தகுதியுடையேன் அல்லேன். ஆயினும் ஒரு வேண்டுகோள் உண்டு. கூட்டம் மிகுந்த சிகிச்சைக் கூடத்தில் நேரம் போதாது என்பதை நான் அறிவேன். வேறு என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்கச் சில வினாடிகளே செல்லும். அந்தக் கேள்வி நோயாளியின் செவியிலே குற்றச்சாட்டாக விழாமல் பரிவாக விழவேண்டும். நாட்டு வைத்தியர்களும், புற்றுநோயாளர் ஒருவர் படியேறி வந்தால், வைத்தியசாலைச் சீட்டைக் காட்டு என்று கேட்பார்களாக. மஹரகமையிலே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கின்றது. அதே மஹரகமையின் நாவின்னவில் 1962ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றது. வடக்கிலே தெல்லிப்பழையிற் புற்றுநோய்ச் சிகிச்சை நடைபெறுகின்றது. கைதடியிலே சித்த வைத்தியம் பல்கலைக்கழகக் கல்வியாகப் போதிக்கப்படுகின்றது. நோயாளர் இவ்விரு வாயில்களுக்குமிடையே நடந்துகொண்டுதான் இருக்கின்றனர். வாயிலில் நிற்பவர்கள் ஒருவரோடொருவர் பேசவேண்டும். அதுவரை நோயாளராவது இரு பக்கத்துக்கும் உண்மையைச் சொல்லவேண்டும்.

அக்கா இன்று எங்களோடு இருக்கின்றார். அவருடைய அடுக்களையில் இப்பொழுதும் ஒரு போத்தல் உண்டு. அதிலே இருப்பது இஞ்சி. அது அரிசிப் பெட்டிக்குப் பின்னால் அன்று, எல்லோருங் காண மேசையின்மேல் இருக்கின்றது.